தண்ணி இறைச்ச நாள்

கீரிமலைக்குப் போனால் படியை எண்ணாமல் வராதே என்று
மட்டக்களப்பு மைத்துனர் தவநேசனுக்கு
யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
சாரம், துவாய், ஒரு போத்தல் நல்லெண்ணெய்,
மினிபஸ் முழுக்க மடியில் வைத்தபடி வந்தார்.

படி எத்தனை என்பதில்
எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு ஒத்துப்போனதில்லை.
தண்ணீருக்குள் கிடப்பதைச் சேர்ப்பதா, விடுவதா?
பாசியில் வழுக்கி ஒரேயடியாய் இறங்கியது
ஒன்றா, மூன்றா?
என் கணவர் குலேந்திரனும் தமையனும்
இதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் கதைக்கவில்லை.
நான் ஒரு பக்கமும் சேரவில்லை.
இருபத்தாறு வருடம் இந்த ஊர் மருமகள்.
எனக்குரிய கேணி அங்கால், மதிலுக்குப் பின்னால், சின்னது.
இந்தப் பெரிய கேணியில் நான் கண்டதெல்லாம்
நனைந்த தலைகள்,
அதுவும் பார்க்காதது மாதிரி நடந்து கடக்கிற
பத்துப் பன்னிரண்டு எட்டுக்குள்.

அன்றைக்குக் கேணியில் தண்ணீர் இல்லை.

மோட்டார் போட்டு இறைத்திருந்தார்கள்.
கறுப்புக் குழாயொன்று மதிலில் ஏறி
கடலுக்குள் கக்கிக்கொண்டிருந்தது.
குளிக்க வந்த ஆண்கள்
பந்தியில் சோறு முடிந்த கலியாணவீட்டுக்காரர் போல
ஆளையாள் பார்த்து நின்றார்கள்.
தவநேசன் எண்ணெய் தேய்த்தே விட்டார்.
வெயிலில் வெண்கலக் குத்துவிளக்காய் மினுங்கினார்.

அடியில் ஒருத்தி, தும்புத்தடியோடு.
சந்திரமலர் என்று பிறகு கேட்டறிந்தேன்.
அத்தனை ஆண்களை விட்டு என்னை அண்ணாந்தாள்.
“இறங்கி வாங்கோ அக்கா.
இண்டைக்கு இது கேணி இல்லை, வெறுங்கிடங்கு.”

“விழுந்திடாதையும்,” என்றார் குலேந்திரன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மேற்படிகள் சீமெந்து, பிடி கொடுத்தன.
அதற்குக் கீழே கல்.
கல்லுக்குள் சிப்பி, சிப்பிக்குள் பச்சை.
செருப்பு வழுக்கியது, கழற்றி அங்கேயே வைத்தேன்.
கடைசிப் படிகளைக் குந்தியிருந்து குந்தியிருந்து
குழந்தை இறங்குவது போல் இறங்கினேன்.
மேலே யாரோ சிரித்தது கேட்டது.
சிரிக்கட்டும்.

அடியில் ஷாம்பூ பைக்கற்றுகள், சில்லறை,
ஒற்றைக் கண்ணாடிக் கறுப்புக்கண்ணாடி,
பிறகு ஒரு செற் மேல்வரிசைப் பல்லு.
“போன முறையும் ஒண்டு,” என்றாள் சந்திரமலர்.
“ஒருத்தரும் தேடி வரேல்லை. வெக்கமாக்கும்.”
முனிவரின் கீரிமுகமும் இளவரசியின் குதிரைமுகமும்
இந்தத் தண்ணீரில்தான் கழன்றதென்பார்கள்.
கழன்ற முகங்களைத் தேடினேன்.
பல்லு மட்டும்தான் மிச்சம்.
இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்க, மதிலுக்கு அங்கால் கடல்.
காதுக்கு நேரே இல்லை, என் தலைக்கு மேலே.
இவ்வளவு காலமும்
கடலை நான் மேலே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

குதிக்காலில் குளிர் தொட்டது.
கல்வெடிப்பில் ஒரு நூல் தண்ணீர்.
கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன்,
உப்பில்லை.
“மோட்டார் நிண்டிட்டுது. ஏறுவம்.”
தண்ணீர் எங்கள் பின்னால் வந்தது.
அவசரமில்லாமல்,
வீட்டுக்காரன் விருந்தாளியை வாசல்வரை கூட்டிவருவது போல.
எண்ணிக்கொண்டே ஏறினேன்.

தேத்தண்ணிக் கடையில் வடை தின்று முடிக்கும்போதுதான்
காலில் செருப்பில்லை என்று கண்டேன்.
திரும்பிப் போனால் கேணிக்குள் முக்கால்வாசித் தண்ணீர்,
ஆண்கள், சவர்க்கார நுரை,
நடுவில் என் ஊதாப்பூ றப்பர்ச் செருப்பு,
ஒன்று மட்டும், மிதந்துகொண்டு.
யாரோ ஒரு பொடியன் தூக்கிப் பிடித்தான்.
“ஆற்ற செருப்பு இது?”
குலேந்திரன் கடலைப் பார்த்தார்.
“என்ர,” என்றேன்.
மதிலில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல்.

மற்றது ஏதோ படிச்சந்தில் சிக்கியிருக்கும்.
அடுத்த முறை இறைக்கும்போது சந்திரமலர் எடுப்பாள்.
அதைத் தேடி ஒருத்தி வருவாள் என்று
சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மினிபஸ்ஸில் தவநேசன்,
எண்ணெயும் ஈரமுமாய், முன்சீற்றிலிருந்து திரும்பி,
“மச்சாள், எத்தனை படி?”

ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
யன்னலைத் திறந்தேன்.
நல்ல காற்று.